குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினர்

வேலை செய்யும்போது சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கட்டடத்தின் செயலாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் சட்டைப் பையிலிருந்து போன் விழுந்தது. வாயால் மட்டும் விளக்கியிருந்தால் விழுந்திருக்காது. நான் எதையும் செய்துகாட்டிப் பழகியவன். பதினோராவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றபடி, "இப்படிக் குனிஞ்சீங்கன்னா" என்று குனிந்தேன். போன் அடித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த சத்தம் வர வெகுநேரம் பிடித்தது. செயலாளர் என்னை மரியாதையோடு பார்த்து, "நல்லாப் புரிஞ்சுது" என்றார்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். சொந்தத் தொழில். முதலாளி, தொழிலாளி, குமாஸ்தா மூவரும் நானே என்பதால் வேலைநிறுத்தம் மட்டும் நடந்ததில்லை. ஊரில் நாற்பத்து மூன்று லிஃப்டுகள் என் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும், பொத்தான்களுக்கு மேலே, ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறேன். 'சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம், அழையுங்கள்' என்று எழுதி, கீழே என் போன் எண். யாரும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாதென்று திருகாணிகளின் தலையை ராவி வழவழப்பாக்கிவிட்டேன். இப்போது அதை என்னாலும் கழற்ற முடியாது. என் முன்யோசனைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

தகட்டில் இருக்கும் அந்த எண்ணை நான் அலட்சியமாக வைத்துக்கொண்டதில்லை. இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. உள்ளே சிக்கியவர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுத்ததும், எத்தனை நிமிடம் ஆகும் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். 'இதோ வந்துட்டேன்' என்று சொன்னால், மூன்றாவது நிமிடத்தில் அவர் கதவை நெம்பத் தொடங்குவார். நாற்பது நிமிடம் என்று சொன்னால் நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். மனிதர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரிய வேண்டும். முதியோர் இல்லம் ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், சிக்காமலே மாதம் ஒருமுறை லிஃப்டுக்குள் நின்று என்னைக் கூப்பிடுவார். "ஒண்ணுமில்ல. எடுக்கறியான்னு பார்த்தேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

ஆகவே போன் விழுந்த ஒரு மணி நேரத்தில் என் போன் கம்பெனியின் கடையில் நின்றேன். அதே எண்ணில் புதுப் போன் வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு கண்ணாடித் திரையை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு நல்ல பசி. போட்டேன். இன்னொரு திரை வந்தது. அதிலும் போட்டேன். கடைசியில் போனோடு சேர்த்து ஒட்டிய உறை ஒன்றையும் கொடுத்தார்.

"இது என்னங்க?"

"இன்னொரு நம்பர் சார். இலவசம்."

"எனக்கு எதுக்கு?"

"அதான் இலவசம்னு சொன்னேனே சார்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகில் ஏதோ ஊர்வது போல இருக்கும். ஆனாலும் உறையைப் பிரிக்காமல் டூல்ஸ் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்தச் சீட்டையும் இரண்டு தடவை படிப்பாள். எந்த எண்ணையும் மூன்று தடவை சரிபார்ப்பாள். கடிதத்தை அவள்தான் பிரித்தாள். 'அன்புள்ள குடும்பத் தலைவரே, தங்கள் குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினரை மனமார வரவேற்கிறோம். இனி நீங்கள் இருவரும் இரவு பகல் பாராமல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.' அதன் கீழே இரண்டாவது உறுப்பினரின் எண்.

"யாரு இது?" என்றாள்.

"யாருமில்ல" என்றேன். இந்தக் கேள்விக்கு ஒரு கணவன் சொல்லக்கூடிய பதில்களிலேயே மோசமானது அதுதான் என்று சொல்லி முடித்த பிறகு தெரிந்தது.

அவள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். எங்கள் மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவியின் போன் வேறு கம்பெனி.

"அப்ப நான் எத்தனாவது உறுப்பினர்?"

"என்மேல சந்தேகமா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் சந்தேகப்படறேன்?" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கவனியுங்கள், அது பதில் இல்லை, இன்னொரு கேள்வி. அன்றிலிருந்து வீட்டில் ஒரு மரியாதை வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள். நான் போனை எடுத்தால் அறையை விட்டு வெளியே போனாள். இருபத்தேழு வருடமாக இல்லாத மரியாதை. அந்த மரியாதையோடு என்னால் வாழ முடியாது. இரண்டாவது உறுப்பினரை உடனே குடும்பத்திலிருந்து நீக்குவது என்று முடிவு செய்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ரத்து செய்ய ஒன்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மூன்றாவது உறுப்பினரைச் சேர்க்க ஒன்றை அழுத்தவும்' என்றது. எதையும் அழுத்தாமல் இருபது நிமிடம் பிடிவாதமாக நின்ற பிறகு ஒரு பெண் லைனில் வந்தார். தேனில் ஊறிய குரல். உறவு பேணும் பிரிவு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்றார் எடுத்த எடுப்பில்.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. அந்த ரெண்டாவது நம்பர் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"வேண்டாம்னு சொல்றது ரொம்ப ஈஸி சார். அதைக் கேக்கறவங்க மனசு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

யோசித்தேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தேன்குரல் மூக்கை உறிஞ்சியது போலக் கேட்டது. எழுதிக் கொடுத்ததைப் படித்து உறிஞ்சியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்குப் பிறகுதான் வந்தது. அப்போதைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். முப்பது நாள் முன்னறிவிப்பு எழுத்துல கொடுங்க."

"எந்த நாள்லேர்ந்து முப்பது?"

"நாங்க ஏத்துக்கிட்ட நாள்லேர்ந்து."

"எப்ப ஏத்துப்பீங்க?"

"முப்பது நாள் முடிஞ்சதும் சார்."

கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்குள் அவர் எனக்கு இனிய நாளாக அமைய வாழ்த்திவிட்டார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. 'தங்கள் கை இட்ட கையெழுத்தும், ஒப்பந்தத்தில் தங்கள் விரல் இட்ட கையெழுத்தும் வெவ்வேறு நபர்களுடையவை எனத் தெரிகிறது. மற்றொருவர் பெயரில் ரத்து கோருவது குற்றமாகும்' என்று ஒரு குறிப்பு. கூடவே, அன்று பசியில் விரலால் நான் போட்ட கையெழுத்தின் நகல். வெயிலில் கிடந்த புழு நெளிந்தது போல இருந்தது. இனி அந்தப் புழுதான் நான். வேறு வழியில்லாமல் சாப்பாட்டு மேஜையில் ஆள்காட்டி விரலால் எழுதிப் பழகினேன். இரண்டாம் நாள் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"என் பேரைத்தான்."

"மேஜையிலயா?"

அவள் ஈரத்துணியை எடுத்து வந்து, நான் எழுதியிருந்த இடத்தைப் பொறுமையாகத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் புழு கைவந்தது. நோட்டீஸ் போயிற்று. இந்தத் தடவை பதிலில் ஒரு முன்னேற்றம்: இரண்டாவது உறுப்பினரின் சம்மதம் வேண்டும். அவருடைய எண்ணுக்கு ஒரு ரகசியக் குறியீடு அனுப்புவார்கள்; அவர் அதைத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினர் உறைக்குள் அல்லவா இருக்கிறார். உறையைக் கிழித்து, பழைய போன் ஒன்றில் அந்தச் சிம்மைப் போட்டேன். குறியீடு வந்தது. தெரிவித்தேன். மறுநிமிடமே இன்னொரு செய்தி: 'இரண்டாவது எண் இன்று முதன்முறையாக உபயோகிக்கப்பட்டதை மகிழ்ச்சியுடன் கவனித்தோம். முன்னறிவிப்புக் காலத்தில் உபயோகம் நிகழ்ந்ததால் முன்னறிவிப்பு தானாகவே விலகிக்கொள்கிறது. புதிய முப்பது நாட்கள் இன்று தொடங்குகின்றன.'

சரி, முப்பது நாள்தானே. அந்தப் பழைய போனைச் சத்தம் வராதபடி செய்து, ஸ்பானர்களுக்கு அடியில் போட்டு, டூல்ஸ் பையை மூடினேன். தொட்டால் உபயோகமாகிவிடும் என்ற பயத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிறுவர் கதையில் கடிகாரத்தைத் தின்றுவிட்ட முதலை போல அந்தப் பை என்னோடு நாற்பத்து மூன்று கட்டடங்களுக்கும் வந்தது.

முப்பத்தோராம் நாள் கடிதம் வந்தது. 'முன்னறிவிப்புக் காலத்தில் இரண்டாவது உறுப்பினர் இருபத்தாறு முறை உபயோகத்தில் இருந்துள்ளார். நேரில் விளக்கமளிக்கவும். விடைகொடுப்புப் பிரிவு, ஒன்பதாவது மாடி.'

மனைவி அதையும் இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை அவள் காது சிவந்ததை நான் கவனித்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நானும் வரேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு?"

"அந்த உறுப்பினரை நானும் பார்க்கணும்."

கம்பெனியின் தலைமையகம் என் நாற்பத்து மூன்றில் ஒன்று. அங்கே லிஃப்டின் கதவுப் பூட்டில், கதவு மூடியதை இயந்திரத்துக்குச் சொல்லும் மின்தொடர்பு தேய்ந்திருக்கிறது, மாற்ற அனுமதி கொடுங்கள் என்று மூன்று மாதம் முன்பே எழுதியிருந்தேன். 'தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்திருந்தது. அதனால் மனைவியைப் படியில் ஏற்றினேன். ஆறாவது மாடியில் மூச்சு வாங்க நின்று, "வேணும்னே பண்றீங்களா?" என்று கேட்டாள்.

விடைகொடுப்புப் பிரிவு அமைதியாக இருந்தது. சுவரில் சூரியன் மறையும் படம். மேஜையில் கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டி. வந்தவர்களுக்கான நாற்காலிகள் மட்டும் ஒரு சாண் குட்டையாக இருந்தன. உட்கார்ந்ததும் நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றும்படி. அதிகாரி உருண்டையான மனிதர். துக்கம் விசாரிக்கிற குரல்.

"தண்ணி குடிக்கறீங்களா?"

அந்தத் தண்ணீர்மேலும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. குடித்தால் இன்னொரு ஒப்பந்தம் ஆகிவிடுமோ. வேண்டாம் என்றேன்.

"எவ்வளவு நாளா இந்த எண்ணம் இருக்கு உங்களுக்கு?"

"ரெண்டரை மாசமா."

"தூக்கம் வருதா?"

"நோட்டீஸ் கொடுத்ததிலேர்ந்துதான் வரல."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பலமுறை பேசிப் பழகிய பேச்சைப் பேசினார். "சார், நாங்க யாரையும் பிடிச்சு வைக்கறதில்ல. வாசல் திறந்துதான் இருக்கு. வாசலுக்குப் போற வழி மட்டும் கொஞ்சம் நீளம். அதுவும் உங்க நன்மைக்குத்தான். ஒரு ஆத்திரத்துல யாரும் தப்பா முடிவெடுத்துடக் கூடாதில்ல. சேர்றதுக்கு ஒரு விரல் போதும்னு வச்சிருக்கோம், ஏன்னா சந்தோஷத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பிரியறது அப்படியில்ல. பிரியறவங்க நிதானமாப் பிரியணும். இதுவரைக்கும் இந்த அறைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட அவசரப்பட்டுப் போனார்னு புகார் இல்ல."

"யாராவது போயிருக்காங்களா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் அவளைப் பாசத்தோடு பார்த்தார். "ரெண்டாவது உறுப்பினர் நீங்கதானா?"

"நான் இல்ல. அவங்களைப் பார்க்கத்தான் நானும் வந்தேன்."

அதிகாரி தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்த உறுப்பினர் மேல யாரோ ரொம்பப் பிரியமா இருக்காங்க. தினமும் கூப்பிட்டிருக்காங்க. காலையில பதினொண்ணேகால், மத்தியானம் ரெண்டரை, ஒருநாள் நாலு மணி. எல்லாம் ஒரே நம்பர்லேர்ந்து." எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நான்காவது இலக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் எண்ணைத் தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் அது ஒன்றுதான்.

மனைவியைப் பார்த்தேன். அவள் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது நாள்ல இருபத்தாறு" என்றேன். "மிச்ச நாலு நாள்?"

"ஞாயித்துக்கிழமை" என்றாள் படத்திடம். "நீங்க வீட்ல இருந்தீங்க."

"என்மேல சந்தேகமா?"

"நான் ஏன் சந்தேகப்படறேன்?"

அதிகாரி இருமினார். "அழைப்பு வந்தா உபயோகம். உபயோகம் இருந்தா விருப்பம் இருக்குன்னு அர்த்தம். விருப்பம் இருந்தா நோட்டீஸ் செல்லாது. உங்களுக்காக வேணா ஒரு சுருக்குவழி சொல்றேன்." கண்ணாடித் திரையை நீட்டினார். "இங்க ஒரு விரல் வைங்க."

இந்த இடத்தில் நான் படித்துப் பார்த்தேன் என்று எழுதத்தான் ஆசை. மனைவி "படிங்க" என்றுகூடச் சொன்னாள். எனக்கோ அந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. மேஜையில் பழகிய பயிற்சியின் பலனாகப் புழுவை ஒரே இழுப்பில் அழகாக வரைந்தேன். என் சட்டைப் பையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"என்ன ஆச்சு?"

"குடும்பத் தலைவரை ரத்து பண்ணிட்டோம் சார். தலைவர் போனா உறுப்பினர் தானாப் போயிடணும். அதான் சுருக்குவழி."

தலைவர் என்றால் தகட்டில் இருக்கும் எண். மனைவி உடனே அந்த எண்ணுக்கு அடித்தாள். அவள் காதிலிருந்து எனக்கே கேட்டது, அதே தேன்குரல்: 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.'

"ரத்துக்கு முப்பது நாள்னு சொன்னீங்களே" என்றேன்.

"அது நீங்க கேட்டா சார். நாங்க செஞ்சா உடனே."

"ரெண்டாவதாவது போச்சா?"

அவர் திரையைப் பார்த்தார். "இல்ல. அது இப்ப குடும்பத் தலைவர் ஆயிடுச்சு."

நாற்பத்து மூன்று தகடுகளைப் பற்றிச் சொன்னேன். முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். உள்ளே சிக்கியவர் கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால் கதவை நெம்புவார், நெம்பினால் கால் வைக்க எதிரே தரை இருக்காது என்று சொன்னேன். பழைய எண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். அதற்குள் யாருக்காவது கொடுத்துவிட மாட்டார்களா என்று கேட்டேன்.

"அழகான நம்பர் சார். ரொம்ப நாள் நிக்காது" என்றார் அனுதாபத்தோடு. "அதுவரைக்கும் எல்லாரையும் படியில போகச் சொல்லுங்க. நடக்கறது உடம்புக்கு நல்லதுதானே." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, லிஃப்டை நோக்கி நடந்தார்.

நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்தக் கட்டடத்துக்கு முதலில் ஓடுவது என்று தெரியவில்லை. முதியோர் இல்லம் ஊரின் அந்தக் கோடியில். மனைவி கைப்பையைத் திறந்து, மருந்துப் புட்டிகளில் ஒட்டும் சீட்டுக் கட்டை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் 'உணவுக்குப் பின்' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே தன் போன் எண்ணை எழுதத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?"

"நாற்பத்து மூணு எழுதறேன். நீங்க கொண்டுபோய் ஒட்டுங்க. யாராவது சிக்கினா எனக்குக் கூப்பிடட்டும்."

"கூப்பிட்டா என்ன சொல்லுவ?"

"எத்தனை நிமிஷம்னு உங்களைக் கேட்டுச் சொல்றேன்." மூன்றாவது சீட்டை எழுதி, எண்ணைச் சரிபார்த்தாள். "நான்தானே உங்க நோட்டீஸைக் கெடுத்தேன், நானே இருந்து போனை எடுக்கறேன்."

என்னோடு வாழ்ந்த இருபத்தேழு வருடத்தில் அவள் மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. இனியும் தேவைப்படாது என்று தோன்றியது.

முதல் சீட்டை இதே கட்டடத்தில் ஒட்டலாமென்று லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டது. எட்டாவது மாடிக்கு இறங்கி, லிஃப்ட்காரர்கள் வைத்திருக்கும் முக்கோணச் சாவியால் வெளிக்கதவை ஒரு சாண் திறந்தேன். கூண்டு எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றிருந்தது. தேய்ந்த அந்தத் தொடர்பு, மூன்று மாதம் பரிசீலனையில் இருந்து அலுத்துப்போய், இன்றைக்குத் தானே முடிவெடுத்திருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" அதிகாரியின் குரல்தான். துக்கம் விசாரிக்கும் தொனி போய், துக்கமே வந்திருந்தது. "இங்க ஒரு தகட்டுல நம்பர் போட்டிருக்கு. அடிச்சா உபயோகத்துல இல்லைன்னு வருது. எந்த முட்டாள் இப்படி நம்பரை ரத்து பண்ணுவான்?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான்தாங்க, அந்த நம்பர்காரன்" என்றேன் இடுக்கு வழியாக.

"நீங்கதான் நிறுத்தினீங்களா?" என்றார்.

"இல்ல. கதவுத் தொடர்பு தேஞ்சிருக்கு. எழுதியிருந்தேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு 'முப்பது நாள்' என்று சொல்ல நாக்கு துடித்தது. 'விரலை வைங்க, அப்புறம் பார்ப்போம்' என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் கூண்டுக்குள் இருப்பவரிடம் பேரம் பேசினால் இந்தத் தொழிலில் அடுத்த நாளிலிருந்து கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது. உள்ளே அவர் மூச்சு இரைப்பது கேட்டது. மனிதர் ஏற்கெனவே வியர்த்துக் குளித்திருப்பார்.

"பதினாலு நிமிஷம்" என்றேன். "கதவைத் தொடாதீங்க. தரையில உக்காந்துக்குங்க. என் வீட்டம்மா இங்கேயே இருந்து உங்ககூடப் பேசிட்டிருப்பாங்க."

மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஏறினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். கூண்டுக்குள் பேசவும் கேட்கவும் ஒரு கருவியும், இயந்திர அறையில் அதற்கான ரிசீவரும் உண்டு. கூண்டு அசையப் போகிறது என்று சொல்ல அதை எடுத்தேன். அங்கே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க" என்றாள் மனைவி. "அந்த முப்பது நாள் எதுக்கு?"

"மறக்கறதுக்கும்மா" என்றார் அதிகாரி. தரையில் உட்கார்ந்திருந்தார் போல. குரல் கீழிருந்து வந்தது. "பத்து பேர் நோட்டீஸ் கொடுத்தா, முப்பது நாள்ல ஏழு பேர் மறந்துடுவாங்க. ரெண்டு பேர் கையெழுத்துல அலுத்துடுவாங்க."

"பத்தாவது ஆள்?"

"என் அறைக்கு வருவார். குட்டை நாற்காலியில உக்காருவார்."

"நோட்டீஸை யாரு படிப்பாங்க?"

"யாரும் படிக்கறதில்லம்மா. ஒரு பெட்டி இருக்கு."

"நிஜமா ரத்து பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பொத்தான். நாலாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க. அவங்களைச் சும்மா வச்சிருக்கோம்." தயங்கிக் கேட்டார். "பதினாலு நிமிஷம்னு சொன்னாரே, நிஜமாவா?"

"அவர் சொன்னா அவ்வளவுதான் ஆகும்" என்றாள் மனைவி. "இப்ப நாலு நிமிஷம் போயிருக்கு."

அப்புறம்தான் கூண்டு அசையப் போவதைச் சொன்னேன். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கினேன். கால்வாசி சுற்றியிருப்பேன், என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரும் கேட்காமல், பேரம் பேசாமல், அதிகாரி கூண்டுக்குள்ளிருந்தே நாலாவது மாடிக்குப் பேசியிருக்கிறார். முதல் செய்தி: பழைய எண் திரும்ப வந்தது. இரண்டாவது செய்தி: இரண்டாவது எண் ரத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. உடனே போன் அடித்தது. தகட்டைப் பார்த்து அவர்தான் அடித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார். "வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

பதின்மூன்றரை நிமிடத்தில் கதவு திறந்தது. எட்டாவது மாடியின் உறுதியான தரையில் இரண்டு காலையும் வைத்ததும் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். துக்கக் குரல் தன் இடத்துக்குத் திரும்பியது. "தங்கள் பொறுமைக்கு நன்றி. எங்களைப் பிரிந்ததற்கான காரணத்தைப் படிவத்தில் குறித்தால் மகிழ்வோம். இன்றைய அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடப் படிக்கட்டில் இறங்கினார்.

லிஃப்டில் 'இயங்காது' என்று பலகை மாட்டிவிட்டு நாங்களும் இறங்கினோம். மனைவி முன்னால் போனாள். எழுதிய சீட்டுகளை எறியாமல் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் என் போன் அடித்தது. பார்த்தால் அவளேதான், நாலு படி கீழே, போனைக் காதில் வைத்துக்கொண்டு.

"எடுக்கறீங்களான்னு பார்த்தேன்" என்றாள்.

நானும் போனிலேயே கேட்டேன். முகம் பார்த்துக் கேட்டால் மறுபடியும் கேள்விதான் பதிலாக வரும் என்று பயம். "என்மேல சந்தேகமா?"

அவள் இரண்டு படி இறங்கினாள். நின்றாள்.

"ஆமா" என்றாள். "நல்லாவே சந்தேகப்பட்டேன்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. முப்பது நாள் ஆகும்."